ரைஸ் மில்லில் வந்த நீலப் பொறி

அறையில் இருட்டு. ஜன்னலைத் தார்ப்பாயால் மூடி, கதவிடுக்கில் சாக்கைச் செருகியிருந்தோம். வெளியே பட்டப்பகல், நல்ல வெயில். புழுங்கல் நெல் வேகும் வாசனை மட்டும் எந்தத் தடையும் இல்லாமல் உள்ளே வந்துகொண்டிருந்தது.

மேசை மேல் எங்கள் கண்ணாடிக் குடம் கவிழ்ந்து உட்கார்ந்திருந்தது. அதற்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு தகடு. பக்கத்தில் ஒரு சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோ. எந்த நிலையமும் பிடிக்காத இடத்தில் முள்ளை நிறுத்தி, சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தோம். அது "உஸ்" என்று இரைந்துகொண்டிருந்தது.

அந்த இரைச்சல் அப்படியே நீடிக்க வேண்டும், வேறு எதுவும் கேட்கக் கூடாது. அன்றைக்கு எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

"கர்ரக்" என்றது ரேடியோ.

தகட்டின் ஒரு மூலையில் நீலமாக ஏதோ மின்னி மறைந்தது. தாளிக்கும்போது கடுகு தெறிக்குமே, அவ்வளவுதான் அதன் ஆயுசு. குடத்துக்குள் காற்று இல்லாததால் பொறிக்குச் சொந்தமாகச் சத்தம் கிடையாது. காட்டிக் கொடுத்தது ரேடியோதான்.

கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. அதே மூலை.

எனக்கு வலப்பக்கம் நின்ற என் கூட்டாளி வெள்ளையன், "ஐயோ கலா" என்றான். இடப்பக்கம் பெங்களூரிலிருந்து எங்களைச் சோதிக்க வந்திருந்த மேடம் குடத்தை நோக்கி இன்னும் குனிந்தார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

ஒரு வாசகரின் கோபம்

இந்தத் தொடரில் விண்வெளி பற்றி எழுதுவதாகச் சொல்லிவிட்டு ஹாஸ்டல் சாம்பாரையும் பஸ் சண்டையையும் எழுதி ஒப்பேற்றுகிறேன் என்று ஒரு வாசகர் கோபித்துக்கொண்டிருக்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இந்த வாரம் அவருக்காக நேராக வானத்துக்கே போய்விடுகிறேன். வழியில் நைனார்பாளையத்தில் ஒரு ரைஸ் மில்லில் இறங்க வேண்டியிருக்கும், அதை மட்டும் பொறுத்துக்கொள்ளட்டும்.

அப்போது நான் கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கடைசி வருஷம். மாணவர்களாகச் சேர்ந்து ஒரு செயற்கைக்கோள் செய்துகொண்டிருந்தோம். செயற்கைக்கோள் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். கல்யாண வீட்டு டிபன் கேரியரைவிடச் சின்னப் பெட்டி. பெரிய செயற்கைக்கோள் ஒன்று ராக்கெட்டில் போகும்போது ஓரத்தில் மிச்சம் இருக்கிற இடத்தில் எங்களையும் ஏற்றிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். பஸ்ஸில் டிரைவர் பக்கத்தில் இன்ஜின் மேல் உட்கார இடம் தருவார்களே, அந்த மாதிரி ஒரு சலுகை.

அந்த இடத்துக்கு இன்னும் சில கல்லூரிகளும் காத்திருந்தன. எங்கள் பெட்டி மேலே போய்ப் பொறி விடாது என்று நாங்கள் காட்டியாக வேண்டும். காட்டாவிட்டால் இடம் அடுத்தவருக்கு.

எலக்ட்ரான் மழை

பொறி எதற்கு வரும் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

பூமிக்கு மேலே ஒன்றுமே இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அங்கே எலக்ட்ரான்கள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. சூரியன் சீறுகிற நாட்களில், துருவங்களுக்கு மேலே அவை மழையாகவே கொட்டும். எங்கள் பெட்டி ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு துருவங்களையும் தாண்டிப் போக வேண்டும். அதாவது, ஒவ்வொரு சுற்றிலும் நனைய வேண்டும்.

உலோகத்தின் மேல் விழுகிற எலக்ட்ரான் ஓரிடத்தில் நிற்காது. பரவிவிடும். பெட்டி முழுவதும் ஒரே அளவுக்கு மின்னேற்றம் ஏறினால் தொல்லை இல்லை, யாருக்கும் யாரோடும் சண்டை வராது. பிளாஸ்டிக்கிலோ கண்ணாடியிலோ விழுவதுதான் வம்பு. அது விழுந்த இடத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். மேலும் மேலும் ஆட்கள் வந்து சேருவார்கள். கடைசியில் இடம் தாங்காமல் பக்கத்து உலோகத்துக்கு ஒரே தாவாகத் தாவும். அந்தத் தாவல்தான் பொறி.

பொறி கடுகளவுதான். ஆனால் உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர், தரையிலிருந்து யாரோ கட்டளை அனுப்புகிறார்கள் என்று அதை நம்பிவிடலாம். "அணைந்து போ" என்று கேட்டதாக நினைத்து அணைந்தும் போகலாம். வீட்டில் டிவி நின்றால் தலையில் ஒரு தட்டுத் தட்டுவோம். அங்கே போய்த் தட்ட ஆள் இல்லை.

பெட்டியின் மேற்பரப்பு முழுக்க என் பொறுப்பு. சூரிய ஒளியில் மின்சாரம் எடுக்கும் சில்லுகளை மூடியிருக்கும் கண்ணாடிதான் எனக்குப் பெரிய தலைவலி. கண்ணாடி இல்லாமலும் முடியாது, இருந்தால் எலக்ட்ரான் உட்கார்ந்துகொள்ளும். கல்லூரி இயற்பியல் துறையில், சூடான தட்டின் மேல் கண்ணாடியை வைத்து வெள்ளீயக் கரைசலைப் பூச்சிமருந்து அடிப்பது போல் மெல்லத் தெளிப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் படியும். வெளிச்சத்தையும் விடும், மின்சாரத்தையும் கடத்தும். அதை எங்கள் கண்ணாடிகளுக்குத் தெளித்து, ஒவ்வொன்றையும் செம்பு நாடாவால் பெட்டியோடு இணைத்து, மிச்ச இடத்துக்கெல்லாம் கரி கலந்த கறுப்புப் பெயிண்ட் அடித்தேன். எலக்ட்ரான் எங்கே விழுந்தாலும் ஓடிப்போக ஒரு வழி இருக்க வேண்டும், அதுதான் என் யோசனை.

"தெளிச்சது சமமா படியாது, கண்டிப்பா பொறி விடும்" என்று எங்கள் குழுவிலேயே சிலர் சொன்னார்கள். படியும் என்றேன் நான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது இத்தனை வாரம் படித்தவர்களுக்குத் தெரியும்.

கரியாலூர் கம்பளி

இந்தப் பைத்தியம் எனக்கு எங்கே பிடித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கல்வராயன் மலையில், வெள்ளையன் வீட்டில்.

வெள்ளையன் கரியாலூர்க்காரன். எங்கள் குழுவில் வேக்குவம் பம்பு அவன் பொறுப்பு. பேசுவது கம்மி, செய்வது ஜாஸ்தி. பெட்டியின் சமிக்ஞையைப் பிடிக்க மலை மேல் ஆன்டெனா வைக்கலாமா என்று பார்க்கத் தை மாதம் ஒன்றில் நாங்கள் சில பேர் அங்கே போய்த் தங்கினோம். கரியாலூர்ப் பனி அப்போதுதான் எனக்கு அறிமுகம். பல் தந்தியடித்தது. வெள்ளையனின் அக்கா டிரங்குப் பெட்டியிலிருந்து நைலான் கம்பளி ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

விடியற்காலையில் எழுந்து அதை உதறினேன். சடசடவென்று கம்பளி முழுக்க நீலமாகப் பொரிந்தது. நான் கத்திய கத்தலில் வெள்ளையனின் அக்கா அடுப்படியிலிருந்து ஓடிவந்தார்.

"இன்னா பாப்பா, தேளா?"

"இல்லக்கா, கம்பளி!"

"அது பனிக்கு அப்படித்தான் பண்ணும். மடிச்சி வையி" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். நான் மடிக்கவில்லை. குளிரில் நடுங்கிக்கொண்டே, பொறி வராமல் போகும்வரை உதறிக்கொண்டிருந்தேன். கம்பளிக்குள் கம்ப்யூட்டர் இல்லை, பொறி விட்டால் விட்டுவிட்டுப் போகட்டும். எங்கள் பெட்டிக்கு இது வந்தால் என்ன ஆகும் என்று அன்றைக்குத்தான் முதல்முதலாக யோசித்தேன்.

கரண்ட்டைத் தேடி

பெட்டியின் மேற்பரப்புக்கு மாதிரியாக, அதே கண்ணாடியும் பெயிண்டும் போட்ட ஒரு தகட்டைச் சோதிக்க மேலே இருப்பது போலவே காற்றில்லாத இடம் வேண்டும், எலக்ட்ரான் மழையும் வேண்டும். இயற்பியல் துறையின் கண்ணாடிக் குடத்தை இரவல் வாங்கினோம். மழைக்குக் கார் ஹெட்லைட்டின் இழை. அதைச் சூடாக்கி, உயர் மின்னழுத்தம் கொடுத்தால் எலக்ட்ரானாகப் பொழியும். இழையின் வெளிச்சம் கண்ணைக் கெடுக்காமல் இருக்க ஒரு தகர மறைப்பு. எல்லாம் தயார்.

கரண்ட்தான் இல்லை.

அது எங்கள் ஜில்லாவே மின்வெட்டில் வெந்துகொண்டிருந்த காலம். வரும் நேரமும் தெரியாது, போகும் நேரமும் தெரியாது. குடத்திலிருந்து காற்றை உறிஞ்சும் பம்பு எண்ணெயைக் கொதிக்க வைத்து வேலை செய்வது. பாதியில் கரண்ட் போனால் எண்ணெய் ஆவி குடத்துக்குள் ஏறித் தகட்டில் பிசுபிசுவென்று படிந்துவிடும். அப்படி இரண்டு தகடுகளைத் தொலைத்தோம். கல்லூரி ஜெனரேட்டர் முதல்வர் அறை ஏசிக்கே மூச்சு வாங்கும்.

வீட்டில் உட்கார்ந்து நான் இதைப் புலம்பிக்கொண்டிருந்தபோது அம்மா சொன்னாள்: "எங்க மில்லுலதான் ஜெனரேட்டரு நாளெல்லாம் ஓடிக்கினு கீதே. பாயி கிட்ட கேக்கட்டுமா?"

என் அம்மா அஞ்சலை நைனார்பாளையத்தில் ஒரு ரைஸ் மில்லில் தினக்கூலி. வெந்த நெல்லைக் களத்தில் பரப்புவது, காலால் கிளறி விடுவது, வாருவது, மழை மேகம் தெரிந்தால் ஓடி ஓடிக் குவிப்பது. அப்பா கரும்பு வெட்டப் போவார். நிலம் என்று எங்களுக்கு எதுவும் கிடையாது. மில்லுக்குச் சொந்தக்காரர் கள்ளக்குறிச்சியில் அரிசி மண்டி வைத்திருந்த ஒரு பாய். மில்லில் எல்லாருக்கும் அவர் வெறும் பாய்தான்.

அம்மாவே போய்க் கேட்டாள். நானும் பின்னால் நின்றேன்.

"எம்பொண்ணு ஒரு மிசினு வச்சிக்கணுமாங்க பாய். கரண்ட்டு நிக்கவே கூடாதாம்."

பாய் என்னைப் பார்த்தார். "இன்னா மிசினும்மா அது?"

மேலே போகிற பெட்டியைப் பற்றிச் சொன்னேன். பாதியிலேயே அவர் கண் விரிந்துவிட்டது. "ராக்கெட்டுல போறதா? நம்ம மில்லுலயா? அஞ்சல, இதெல்லாம் முன்னாடியே சொல்ல மாட்டியா நீ!" என்று அம்மாவையே கடிந்துகொண்டார். மூட்டைக் கணக்குப் பார்க்கிற அறையை அன்றைக்கே காலி செய்து கொடுத்தார். உமித்தூசி வரக் கூடாது என்று நான் சொன்னதற்காக அந்தப் பக்கத்து வாசலையே அடைக்கச் சொன்னார். மில் ஆட்கள் ஒரு வாரம் சுற்றிக்கொண்டு போய், எங்களைத் திட்டிக்கொண்டே வந்தார்கள்.

குடத்தை வைக்கோல் பரப்பிய டிராக்டரில் வைத்து, வெள்ளையன் அதைக் கட்டிப் பிடித்தபடி வந்து சேர்ந்தான். களத்துப் பெண்கள் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள்.

"இன்னாடி இது, ஊறுகா ஜாடியாட்டம் கீது?" என்றார் ஒருவர். அதற்குப் பிறகு மில்லில் எங்கள் விண்வெளிக்குப் பெயர் ஊறுகாய் ஜாடி என்றே ஆகிவிட்டது.

மேடம் வந்த நாள்

சோதனையை நேரில் பார்க்கப் பெங்களூரிலிருந்து ஒரு மேடம் சேலம் வழியாகக் காரில் வந்தார். பெரிய செயற்கைக்கோள்களின் மேற்பரப்பையே வருஷக்கணக்காகப் பார்த்தவர். நைனார்பாளையத்துக்குத் திரும்பும் வழி தெரியாமல் அவர் கார் மெயின் ரோட்டில் நிற்கிறது என்று போன் வந்ததும் நான் அழைத்து வர ஓடினேன். வெள்ளையன் பம்புக்குத் தண்ணீர் வரும் குழாயைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். சுத்தமான துணி மேல் வைத்திருந்த தகட்டை அம்மா பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள்.

"யாரையும் தொட வுடாதம்மா."

"நான் கீறேன், நீ போ."

மேடம் மில்லைப் பார்த்துச் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை, ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. வெள்ளையன் கையுறை போட்டுக்கொண்டு தகட்டைக் குடத்துக்குள் வைத்தான். பம்பு ஓட ஆரம்பித்தது. ஒரு தொட்டி நெல் வெந்து களத்துக்குப் போகிற நேரம் காத்திருந்தோம். விளக்கை அணைத்தோம். இழையை ஏற்றினோம்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன். கர்ரக், கர்ரக்.

விளக்கைப் போட்டார்கள். மேடம் மெதுவாகச் சொன்னார்: "எங்கேயோ பூச்சு விட்டுப் போயிருக்கும்மா. கண்ணாடியா, ஓரமா தெரியல. இந்தத் தகட்டை வச்சு நான் சரின்னு சொல்ல முடியாது."

"நான் ஒவ்வொரு அங்குலமா அளந்து பார்த்தேன் மேடம்."

"பொறி வந்ததே."

அவர் முன்னால் அழக் கூடாது என்று, தண்ணீர் கொண்டு வருவதாகச் சொல்லி வெளியே வந்தேன்.

வெறும் நெற்றி

களத்தில் கண் கூசியது. அம்மா கதவுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். நெல்லை விட்டுவிட்டு இங்கே எதற்கு நிற்கிறாள் என்று தோன்றியது.

"இன்னா பாப்பா, சரியா பூட்ச்சா?"

இல்லை என்று தலையாட்டினேன். அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். நெற்றி வெறுமையாக இருந்தது.

காய்ச்சலில் படுத்திருந்த நாட்களில்கூட என் அம்மாவை நான் பொட்டில்லாமல் பார்த்ததில்லை. மிளகு அளவில் கருஞ்சிவப்பாக ஒரு ஸ்டிக்கர் பொட்டு. அது விழுந்தால் இடுப்புப் பையிலிருந்து உடனே இன்னொன்றை எடுத்து ஒட்டிக்கொள்வாள். களத்துப் பெண்களுக்கெல்லாம் பொட்டு சப்ளையே அவள்தான்.

"பொட்டு எங்கம்மா?"

"வேர்வையில வுழுந்துட்ச்சி."

சொல்லும்போதே கை நெற்றிக்குப் போனது, கண் தரைக்குப் போனது. என் அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. எங்கள் குடும்பத்தில் அந்தத் திறமை அப்பாவுக்கும் எனக்கும் மட்டும்தான்.

"அம்மா, என்னைப் பாரு. எங்க வச்ச?"

அவள் முந்தானையை முறுக்கினாள். "நீ அந்தாண்ட போனதும் மில்லே வந்து எட்டிப் பாத்துதுடி. டிரைவரு, லோடுமேன், பாயோட மச்சான், எல்லாரும். 'எவ்ளோ அழகா கீது, எவ்ளோ அழகா கீது'ன்னு ஒரே கண்ணு. எனக்கு மனசே ஆவல. பைய வேற களத்தாண்ட வச்சிட்டு வந்துட்டேன். அதான் நெத்தியில இருந்தத எடுத்து, ஓரமா... கொழந்தைக்குக் கன்னத்துல வைக்கிறதில்லையா, அந்த மாதிரி."

திருஷ்டிப் பொட்டு! என் செயற்கைக்கோளுக்குத் திருஷ்டிப் பொட்டு!

கறுப்புப் பெயிண்ட் மேல் கருஞ்சிவப்புப் பொட்டு, இருட்டறையில். யார் கண்ணில் படும்? பிளாஸ்டிக்கும் பசையும் சேர்ந்த பொட்டு. எலக்ட்ரான் சம்மணம் போட்டு உட்கார அதைவிட நல்ல ஜமக்காளம் உலகத்தில் கிடையாது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கெட்டுப் பூட்ச்சா பாப்பா? என்னாலயா?"

"இரும்மா, வரேன்" என்று உள்ளே ஓடினேன்.

குடத்தைத் திறந்தோம். மூலையில் இருந்தது. வெள்ளையன் தலையில் கையை வைத்துக்கொண்டான். "இதை நான் பாத்தேன் கலா. இந்த மூலை மேல வரணும்னு நீதான் அடையாளம் வச்சிருக்கேன்னு நெனச்சிக்கினு பேசாம இருந்துட்டேன்."

பேசுவது கம்மி என்று சொன்னேன் அல்லவா? அதில் இந்த ஒரு நஷ்டம் உண்டு.

சும்மா இருப்பதை எப்படிக் காட்டுவது?

பொட்டை எடுத்து, பசையை ஸ்பிரிட்டால் துடைத்து, மறுபடி குடத்தை மூடினோம். மறுபடி ஒரு தொட்டி நெல் வெந்தது. மறுபடி இருட்டு, இழை, ரேடியோ.

"உஸ்" என்ற இரைச்சல் மட்டும். தகட்டில் ஒரு மினுக்கு இல்லை. மின்னழுத்தத்தைக் கூட்டினோம். அப்போதும் இல்லை. நான் வெள்ளையன் கையை இருட்டில் கிள்ளினேன்.

மேடத்தின் குரல் வந்தது: "நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு கேள்வி. இப்ப எலக்ட்ரான் கொட்டுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஹெட்லைட் இழைதானே. ரெண்டாவது தடவை ஏத்தினதுல பழுதாகியிருக்கலாம். மழையே பெய்யலைன்னா நனையாம இருக்கிறது பெரிய விஷயமில்லை."

கிள்ளிய கையை விட்டேன். அவர் கேட்டது நூற்றுக்கு நூறு சரி. பொறி வந்தால் காட்டலாம். வராததை எப்படிக் காட்டுவது? மழையை அளக்கிற கருவி எங்களிடம் இல்லை. மேடம் சாயங்காலம் கிளம்பியாக வேண்டும்.

சட்டென்று ஒன்று தோன்றியது. கதவைத் திறந்து கத்தினேன்: "அம்மா! உன் பொட்டுப் பை எங்க?"

அம்மா அதற்குள் களத்துக்குப் போய்ப் பையை எடுத்து வந்திருந்தாள். நெற்றியிலும் ஒன்று ஏறியிருந்தது. ஒரு பொட்டு கொடு என்றதும் பொட்டு அட்டையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "வேணாம் பாப்பா. ஒருவாட்டி கெடுத்தது போதும்."

"இப்ப கெடுக்கத்தான் வேணும். குடு."

குடத்துக்குள் எங்கள் தகட்டுக்குப் பக்கத்தில் வெறும் அலுமினியத் துண்டு ஒன்றை வைத்தேன். அதன் நடுவில் பொட்டை ஒட்டினேன். ஒரே குடம், ஒரே இழை, ஒரே மழை. மேடம் குனிந்து பார்த்தார். "ஓ" என்றார். அந்த ஒரு எழுத்தில் எனக்குப் பாதி உயிர் வந்தது.

மூன்றாவது முறையாகக் குடத்தை மூடிப் பம்பு ஓடிக்கொண்டிருந்தபோது ஜெனரேட்டர் ஒருமுறை இருமியது. பாய் ஓடிப்போய் டிரைவரை விரட்டும் சத்தம் கேட்டது. "டீசல் ஊத்துடா மொதல்ல! உள்ள ராக்கெட்டு ஓடிக்கினு கீது!" மில்லின் ஒரு மோட்டாரை அவரே நிறுத்தச் சொன்னார் என்று பிறகு தெரிந்தது. நல்ல மனுஷர்.

இருட்டு. இழை. ரேடியோ இரைந்தது.

கர்ரக்.

பொட்டின் விளிம்பில் நீலம். மறுபடி கர்ரக், மறுபடி பொட்டு. பக்கத்தில் விரற்கடை தூரத்தில் எங்கள் தகடு, கண்ணாடியும் கறுப்புமாக, ஒரு மினுக்கும் இல்லாமல் உட்கார்ந்திருந்தது. பொட்டு பொரிந்துகொண்டே இருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். அதைவிட அழகான ஒன்றை நான் அந்த வயதுவரை பார்த்ததில்லை.

மேடமே விளக்கைப் போட்டார். "போதும். எனக்குத் திருப்தி. உங்க பெட்டி போகலாம்" என்றார். பிறகு அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதுல ஒண்ணு ரெண்டு நான் எடுத்துக்கலாமா? எங்க லேப்ல இவ்வளவு ஒழுங்கா பொறி விடுற சாமான் கிடையாது" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். நிஜமாகவே எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார்.

பெட்டி பிறகு மேலே போனது. எத்தனையோ தடவை துருவங்களைத் தாண்டியது, நனைந்தது, ஒருமுறைகூடப் பொறியால் சுருண்டு படுக்கவில்லை. அதெல்லாம் பின்னால் நடந்தது. அன்றைக்கு நடந்ததில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

களத்தில்

மேடத்தின் கார் போனதும் அம்மாவைத் தேடினேன். தொட்டிக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்திருந்தாள். பெங்களூர்க்காரர் கோபித்துக்கொண்டு போகிறார் என்றே நினைத்திருக்கிறாள். உள்ளே நெருப்பு வந்தது, யாரோ கையை வைத்துக் கெடுத்துவிட்டார்கள் என்று அதற்குள் களம் முழுக்கப் பேச்சு.

கூலி வேலை செய்கிற இடத்தில் "நான்தான் கெடுத்தேன்" என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஒரு மூட்டை நனைந்தாலும், ஒரு முறம் உடைந்தாலும் "நான் இல்லீங்க" என்பதுதான் முதல் வார்த்தை. ஒப்புக்கொண்டால் மறுநாள் வேலை இருக்காது. அம்மா அந்தப் பயத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். "எல்லாம் சரியா பூட்ச்சும்மா. மேடம் ஒத்துக்கிட்டாங்க."

"அப்ப அந்த நெருப்பு?"

"அது உன் பொட்டுல வந்தது. நான் செஞ்சதுல வரல."

அம்மா யோசித்தாள். "முதல்ல வந்துதே, அதுவும்?"

"அதுவும் பொட்டுதான்."

"உன்னுதுல?"

"ஒண்ணுமே வரல."

"ஒரு பொறி கூட?"

"ஒண்ணு கூட."

"தப்பெல்லாம் என்னுது. உன்னுதுல ஒரு தப்பும் இல்ல. அப்படித்தானே?"

"தப்புன்னு இல்லம்மா, நீ வச்சதாலதான்..."

"நீ இரு. அப்படித்தானே?"

"ஆமா, அப்படித்தான்."

அம்மா எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு களத்து நடுவுக்கே போனாள். நெல் கிளறிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். பாயும் மில் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடியே, எல்லாரும் கேட்டுக்கோங்க! எம்பொண்ணு செஞ்சதுல ஒரு பொறி வரல! அந்தம்மாவே சொல்லிட்டுப் போயிட்டாங்க!"

"அப்ப நெருப்பு வந்துதுன்னாங்களே, அத யாரு கெடுத்தது?" என்று ஒருத்தி கேட்டாள்.

"நான்தாண்டி கெடுத்தேன்!" என்றாள் அம்மா. பாயைப் பார்த்துத் திரும்பி, இன்னும் உரக்க, மில்லுக்கே கேட்கும்படி சொன்னாள்: "நான்தாங்க பாய்! எல்லாம் நான்தான்!"